அண்ணன் பாகத்துச் சக்கரம்

"காலு முன்னால, தலை பின்னால! அப்பதான் பெரிய மொதலாளிக்கு ரோடு தெரியும். மெல்ல... படி இருக்கு சின்ன மொதலாளி, மெல்ல!"

கண்டக்டர் பிச்சையா சத்தம் போட்டபடியே பஸ்ஸின் பின்வாசல் வழியாக ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினான்.

உள்ளே கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நகர்ந்தவன் நேசமணி, சத்தியதாஸின் தம்பி. பின்னோக்கி நடக்கிறவன் எதிரே இருக்கிற முகத்தைத்தான் பார்க்க வேண்டும். நேசமணி பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, தோளுக்கு மேலாக டிரைவர் சீட்டைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தான். ஸ்ட்ரெச்சரில் கிடந்த சத்தியதாஸும் தம்பியைப் பார்க்கவில்லை. பஸ்ஸின் கூரையில் புதிதாக ஓர் ஒழுக்கு வந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலையணையும் கூஜாவும் வெற்றிலைப் பெட்டியுமாகக் கீழே நின்றிருந்தாள் சத்தியதாஸின் மனைவி சரோஜம். காலை முன்னால் நீட்டிக்கொண்டு போவது எதற்கு என்று அவளுக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் அப்படித்தான் போவார்கள். ஆனால் கட்டிய நாள் முதல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர். கடைசியாக அதைப் பார்த்துக்கொண்டு போகட்டும் என்று வாயை அடக்கிக்கொண்டாள்.

டாக்டர் நேற்றே அவளைத் தனியாகக் கூப்பிட்டு மலையாளத்தில் சொல்லிவிட்டார். "நெஞ்சில் நிறயெ நீரா. இனி மருந்தில்லா அம்மா. வீட்டில் கொண்டு போய்க்கோளூ."

வீடு வித்துராவுக்கு அப்பால், கல்லாற்றுக்குப் போகிற வழியில் இருந்தது. மகள் லீலாபாய் கஞ்சி வைத்துக்கொண்டு வாசலில் காத்திருப்பாள். திருவனந்தபுரத்திலிருந்து, கரியில் ஓடுகிற இந்த வண்டியில் அரைப் பகல் தூரம். அந்த அரைப் பகலுக்குள் சரோஜத்துக்கு ஒன்றே ஒன்று நடக்க வேண்டும். அண்ணனும் தம்பியும் ஒருவரோடொருவர் பேச வேண்டும். ஒரு வார்த்தை போதும். ஆனால் அவள் வழியாக அல்ல, நேருக்கு நேர்.

இரண்டு வருஷமாக அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. பேசவில்லையே தவிர, சொல்லிக்கொள்ளாமல் இல்லை. எல்லாம் சரோஜத்தின் மூலமாகத்தான். "மைனி, நாளைக்கு வண்டி ஒரு நடைதான்னு அண்ணன்ட்ட சொல்லுங்க" என்று நேசமணி சொல்வான். சொல்லும்போது அண்ணன் அதே முற்றத்தில் முகம் சவரம் செய்துகொண்டிருப்பார். "ஏன் ஒரு நடைன்னு கேளு" என்பார் அவர், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. இடையில் நிற்கிற சரோஜம் இரண்டையும் மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேட்டதாக ஆகாது.

இத்தனைக்கும் காரணம் ஒரு கை அகலம்கூட இல்லாத இரும்புத் துண்டு.

யுத்தம் வந்த பிறகு பெட்ரோல் போயிற்று, புது டயர் போயிற்று. கரியை எரித்து, பழைய டயரை வைத்துக்கொண்டு மலை ரோட்டில் ஓட்ட வேண்டியிருந்தது. பழைய டயரின் ஓரம் தளர்ந்துவிடும். ஏற்றத்தில் ரிம் சுற்றும். டயர் அதோடு சேர்ந்து சுற்றாமல் வழுக்கிப் பின்தங்கும். உள்ளே இருக்கிற ட்யூபின் வால்வோ ரிம்மின் துளையில் மாட்டிக்கொண்டிருக்கும். டயர் ஒரு பக்கம் இழுக்க, ரிம் ஒரு பக்கம் இழுக்க, வால்வு வேரோடு பிய்ந்து காற்று போய்விடும். கல்லாற்றுக்கு மேலே ஒருநாள் அப்படித்தான் பிய்ந்தது. வண்டி மண்மேட்டில் சாய்ந்து நின்றது. மேலே கட்டியிருந்த பலாப்பழங்களைத் தவிர யாருக்கும் சேதமில்லை.

அன்றிலிருந்து சத்தியதாஸ் சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பிடும் தட்டின் விளிம்பை விரலால் கவ்விப் பிடித்துப் பார்ப்பார், விடுவார். கடைசியில் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் ஒரு கொல்லனைப் பிடித்து, வண்டிக்கு அடியில் இருக்கிற வில்லுப்பட்டையில் பழையது ஒன்றை வெட்டி வளைத்து, ஒரு பூட்டு அடித்தார். ரிம்மில் துளை போட்டு அதை உள்ளே செருகி, வெளியே நட்டு வைத்து இறுக்கினால், டயரின் ஓரத்தை அது ரிம்மோடு சேர்த்துக் கவ்விக்கொள்ளும். சக்கரத்துக்கு நாலு பூட்டு. டயர் அசையாது.

"டயருக்குத் தாலி கெட்டியாச்சு! இனி ரிம்மை விட்டு எங்கயும் போவாது" என்று பிச்சையா வித்துராச் சந்தை முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

நேசமணி சிரிக்கவில்லை. "என்னைக் கேக்காம ரிம்முல தொளை போட்டது யாரு? ரிம்மு வெடிச்சா வேற ரிம்மு எவன் தருவான்?" என்றான்.

"மூத்தவன் ஒன்னட்ட கேக்கணுமோ லே?"

வார்த்தை வளர்ந்தது. சபை மூப்பர்கள் வந்து உட்கார்ந்து, பஸ்ஸைப் பாகம் பிரித்தார்கள். பாகம் வைப்பது மூத்தவன், எடுப்பது இளையவன் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். தென்னந்தோப்பையும் வயலையும் அப்படித்தான் பிரித்திருந்தார்கள். பஸ்ஸுக்கும் அதே வழக்கம்தான் என்று சத்தியதாஸ் பிடிவாதமாக நின்று, நடுவே கோடு கிழித்தார். இடப்பக்கம் ஒரு பாகம், வலப்பக்கம் ஒரு பாகம், எஞ்சின் பொது. ஸ்டெப்னி என்கிற மாற்றுச் சக்கரம் மட்டும், அவர் வாங்கியது என்பதால், அவருக்கு. நேசமணி யோசிக்கவே இல்லை. வலப்பக்கத்தை எடுத்துக்கொண்டான். ஸ்டியரிங் அங்கேதானே இருக்கிறது!

அன்றிலிருந்து இடப்பக்கத்துச் சக்கரங்களிலும் ஸ்டெப்னியிலும் மட்டும் பூட்டு. வலப்பக்கம் வெறும் சக்கரம். மூப்பர்கள் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே ஊர் சிரித்துவிட்டது.

இப்போது படுக்கை போடுவதற்காகக் கழற்றியிருந்ததும் இடப்பக்கத்துச் சீட்டுகளைத்தான். நேற்று மாலை நேசமணி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, "மைனி, அண்ணனுக்க பாகத்து சீட்டக் கழத்தணும். சம்மதமான்னு கேளுங்க" என்றான். உள்ளேயிருந்து மூச்சுத் திணறலுக்கு நடுவே பதில் வந்தது: "கழத்தட்டும். ஆணிய தொலைக்காண்டாம்னு சொல்லு."

சரோஜம் சொன்னாள். அன்றைக்கே தீர்மானமும் செய்துகொண்டாள்.

பிச்சையா பின்னால் போய்க் கரி அடுப்பின் காற்றாடிக் கைப்பிடியைச் சுற்றினான். வியர்வை வழியச் சுற்றியபிறகு எஞ்சின் இருமி, கனைத்து, உயிர் பிடித்தது. வண்டி பேரூர்க்கடை தாண்டியது. வலப்பக்கத்துச் சீட்டு ஒன்றில் சரோஜம் உட்கார்ந்து, கையை நீட்டிக் கணவனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ தம்பி பாகத்துல இருக்கே" என்றார் சத்தியதாஸ், கண்ணைத் திறக்காமல்.

"பின்ன ஒங்க பாகத்துல எங்க எடம் இருக்கு? மொத்தமும் நீங்கதானே கெடக்கிய."

அவர் உதட்டோரம் அசைந்தது. இந்த மாதிரி அசைவுக்காகவே அவள் நாளெல்லாம் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பாள்.

நெடுமங்காட்டில் தண்ணீர் ஊற்றுவதற்காக வண்டி நின்றது. நேசமணி வாளியோடு கிணற்றுக்குப் போனான்.

"சரோஜம்... கோடு பாரு" என்றார் சத்தியதாஸ்.

அது அவர்களுக்குள் இருந்த ஒரு ரகசியம். தினமும் விடிகாலையில் தன் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பைத் தொட்டு, டயரிலிருந்து ரிம் வரை விரலால் ஒரு கோடு இழுத்துவிடுவாள் சரோஜம். டயர் வழுக்கினால் கோடு ரிம்மில் ஓரிடத்திலும் டயரில் ஓரிடத்திலுமாகப் பிரிந்து நிற்கும். இடப்பக்கத்துக்கு மட்டுமல்ல, கொழுந்தன் எழுந்து வருவதற்கு முன்னால் வலப்பக்கத்துக்கும் போட வேண்டும் என்பது அவர் உத்தரவு. "அவனுக்குத் தெரியாண்டாம்" என்பார். இன்று ஆஸ்பத்திரி முற்றத்தில் வைத்தும் போட்டிருந்தாள்.

சரோஜம் இறங்கிப் போய்ப் பார்த்தாள். இடப்பக்கத்துக் கோடு போட்டது போட்டபடி இருந்தது. வலப்பக்கத்துப் பின்சக்கரத்தில் கோடு பிரிந்திருந்தது, ஒரு விரற்கடை அளவு.

திரும்பி வந்து மெதுவாகச் சொன்னாள். சத்தியதாஸ் கண்ணைத் திறந்தார். காய்ச்சல் கண்ணிலும் பழைய கவலை வந்து உட்கார்ந்தது.

"அவன்ட்ட சொல்லு. ஏத்தம் வருது. எனக்க ஸ்டெப்னிய எடுத்து மாட்டிக்கிடச் சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன்."

"எதுக்கு?"

"ரெண்டு வருசமா சொல்லியாச்சு. எனக்க வாயி வலிக்குது. நீங்களே சொல்லுங்க. தம்பி இப்ப தண்ணி கொண்டு வரும். இஞ்சதான் வந்து நிக்கும்."

"எனக்கு மூச்சு முட்டுதுல்லா?"

"எனக்குச் சொல்ல மூச்சு இருக்கு. அவனுக்குச் சொல்ல மட்டும் இல்லியோ?"

சத்தியதாஸ் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நேசமணி வாளியோடு வந்தான். ரேடியேட்டரில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. சொல்வார், இப்போது சொல்வார் என்று சரோஜம் காத்திருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார். அது வெறும் செருமலாகவே போய்விட்டது.

வண்டி புறப்பட்டபோது சரோஜம் கொழுந்தனின் முதுகைப் பார்த்தாள். நாமே சொல்லிவிடலாமா? எழுந்து நாலடி வைத்தால் டிரைவர் சீட்டு. எழுந்தாள், கம்பியைப் பிடித்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பயணிகள் இல்லாத வண்டி. கனமில்லை. ஒரு விரற்கடைதானே. வீடுவரை தாங்காதா? இன்று சொல்லிவிட்டால் இவர் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும். அப்புறம் என்றைக்கு?

தாங்கவில்லை.

சுள்ளிமானூர் தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஏறுகிற வளைவில், காலுக்கடியில் ஒரு முறுக்கல். பிறகு 'உஸ்ஸ்' என்று பெரிய பாம்பு சீறியது போல ஒரு சத்தம். வண்டி வலப்பக்கமாகச் சரிந்து, நொண்டி நொண்டி நின்றது. சரோஜம் படுக்கையை நோக்கிப் பாய்ந்து அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"போச்சு!" என்றான் பிச்சையா. "தாலி கெட்டாத டயரு ஓடிப் போச்சு!"

"வாயப் பொத்துடா" என்று நேசமணி கத்தினான். குதித்து இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தான். வால்வு பிய்ந்து, கொழுக்கட்டை மாவு பிதுங்குவது போல ட்யூபின் ஒரு துண்டு வெளியே தொங்கியது. ரோட்டின் மேலும் கீழும் பார்த்தான். ஒரு காளை வண்டிகூட இல்லை. மழை பொடிப்பொடியாக விழ ஆரம்பித்தது.

உள்ளே சத்தியதாஸின் மூச்சு மாறிவிட்டிருந்தது. இழுத்து, நின்று, யோசித்து, மறுபடி இழுத்தது. சரோஜம் தலையணையை உயர்த்தி வைத்தாள். நான்தான் என்று நினைத்தாள். நாலடி எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது நான்தான்.

"நான் சொல்லியிருக்கணும்" என்றாள் அவர் காதருகே.

அவர் கையை லேசாக அசைத்தார். ஈயை ஓட்டுவது போல.

வெளியே ஜன்னலுக்குக் கீழே நேசமணியின் குரல் கேட்டது.

"மைனி, ஸ்டெப்னி வேணும். அது அண்ணனுக்க பாகம். எடுக்கட்டான்னு கேளுங்க."

சரோஜம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மழைத்துளி நிற்கிற தலையோடு, கையில் ஸ்பேனரோடு, ஐம்பதை நெருங்குகிற அந்த மனிதன் நின்ற நிலையில், அவள் கல்யாணமாகி வந்தபோது சிலேட்டோடு வாசலில் நின்ற பையன்தான் தெரிந்தான்.

"நீயே கேளு, தம்பி."

"மைனி, வெளையாடாண்டாம். வண்டி நடுரோட்டுல நிக்கி."

"நிக்கட்டும். அவியளும் இஞ்சதான் இருக்காவ, நீயும் இஞ்சதான் நிக்கே. ஒரு தகரந்தான் நடுவுல."

பிச்சையா ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தவன், அப்படியே நின்றான். வழக்கமாக இந்த இடத்தில் அவனிடம் ஏதாவது ஒரு பேச்சு இருக்கும். இப்போது மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நேசமணி ஸ்பேனரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். முகத்தைத் துடைத்தான். ரப்பர் மரங்களைப் பார்த்தான். பிறகு பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில், ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவது போல, இரண்டு தட்டுத் தட்டினான்.

"அண்ணே."

உள்ளே மூச்சு ஒரு கணம் நின்றது.

"அண்ணே, ஸ்டெப்னிய எடுத்துக்கிடட்டா?"

சத்தியதாஸின் கண் திறந்தது. தலையை ஜன்னல் பக்கம் திருப்பினார். உதடு அசைந்தது. நன்றாக, பெரிதாக அசைந்தது; உரக்கத்தான் சொல்கிறார் என்று அவருக்கு நினைப்பு. வந்தது காற்றுதான். பக்கத்தில் இருந்த சரோஜத்துக்கு மட்டும் கேட்டது.

"எடுத்துக்கோ லே. இதுக்குப் போயி கேக்கணுமா?"

வெளியே நேசமணி காதைத் தகரத்தோடு ஒட்டினாற்போல நின்றான். "மைனி? அண்ணன் ஒண்ணும் சொல்லல்லியா?"

"சொல்லியாச்சு. எடுத்துக்கச் சொல்லுதாவ. இதுக்குப் போயி கேக்கணுமாங்காவ."

நேசமணி ஸ்டெப்னி இருக்கிற பின்பக்கம் வேகமாக நடந்தான். நடக்கும்போது ஒரு தடவை மூக்கைச் சிந்தினான்.

சத்தியதாஸ் சரோஜத்தைப் பார்த்தார். அந்தக் கண்ணில் கோபம் இல்லை. நெடுமங்காட்டில் தோற்றதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறவர் போல இருந்தது.

"ஜெயிச்சிட்டே பிள்ளே" என்றார்.

"போங்க."

"தண்ணி."

கூஜாவிலிருந்து மூடியில் ஊற்றி உதட்டில் வைத்தாள். கொஞ்சம் உள்ளே போனது. மீதி கன்னத்தில் வழிந்ததை முந்தானையால் ஒற்றினாள்.

வண்டியின் வலப்பக்கம் ஜாக்கியில் மெல்ல மெல்ல எழும்பியது. தளம் சமமாயிற்று. பலகைக்கு அடியிலிருந்து நேசமணியின் குரல் வந்தது. நட்டைத் திருகுகிற முக்கலோடு சேர்ந்து வந்தது.

"அண்ணே, வால்வு பிஞ்சு கெடக்க கெடப்ப நீங்க பாக்கணும். கோழிக் கழுத்துதான், வேற ஒண்ணுமில்ல... பிச்சையா, அந்தக் கல்ல முட்டுக் குடு. அண்ணே, இந்த ஸ்டெப்னில பூட்டு நட்ட யாரு இறுக்குனது? நீங்களா? மனுசன் கழத்த முடியுமா இத? நல்லவேள, கழத்தாண்டாம்... கேக்குதா அண்ணே?"

"கேக்காவ, நீ பேசு" என்றாள் சரோஜம். கணவனின் கை அவள் கைக்குள் இருந்தது. அவர் தலை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தது. கேட்டுக்கொண்டுதான் இருந்தார். புருவத்தில் அந்தச் சிறிய சுருக்கம் இருந்தது. எஞ்சினில் வேறு சத்தம் வந்தால் கவனிக்கிற சுருக்கம்.

"நான் ஒண்ணு சொல்லுதேன், கோபப்படாண்டாம். தொளை போட்டா ரிம்மு வெடிக்கும்னு நான் இப்பவும் சொல்லுவேன். ஆனா வெடிக்கல்ல. ரெண்டு வருசமா வெடிக்கல்ல. அது எனக்க தப்பா? ரிம்முக்க தப்பு!"

சரோஜத்தின் விரல்களுக்குள் ஓர் அழுத்தம் வந்தது. சிரிக்கிறார் என்று நினைத்தாள். குனிந்து பார்த்தாள். உதட்டோரம் அசைந்த மாதிரிதான் இருந்தது. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். அவருக்கு இப்போதெல்லாம் மூச்சு யோசித்துத்தான் வரும்.

மழை கூரையில் பொரிந்தது. புது ஒழுக்கிலிருந்து ஒரு சொட்டு அவர் போர்வையில் விழுந்தது. இன்னொரு சொட்டு. இன்னொன்று.

மூச்சு வரவில்லை.

சரோஜம் அவர் நெஞ்சில் கை வைத்தாள். பிறகு கன்னத்தை வைத்தாள். "கேட்டியளா" என்றாள் மெதுவாக. கல்யாணமான நாளிலிருந்து அவரை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள். "கேட்டியளா..."

வாய் தானாக ஜெபத்துக்குத் திறந்தது. அதற்குள் பலகைக்கடியிலிருந்து குரல் வந்துவிட்டது.

"அண்ணே, சனியாழ்ச்ச நான் சாலைக் கடைக்குப் போறேன். எனக்க ரெண்டு சக்கரத்துக்கும் பூட்டு அடிக்கணும். அளவு நீங்க சொல்லணும். அந்தக் கொல்லன் நான் சொன்னா கேக்க மாட்டான். போன மாசம் ஒரு கம்பி வளைக்கப் போனேன், 'ஒங்க அண்ணன் வரட்டு'ங்கான். எனக்க காசு, எனக்க கம்பி, ஒங்க அண்ணன் வரணுமாம்! கேட்டியளா கூத்த?"

சரோஜம் அழுகையை முந்தானையோடு சேர்த்து வாய்க்குள் அமுக்கினாள்.

"அண்ணே? என்ன, அளவு தருவியளா, மாட்டியளா? மைனி, என்ன சொல்லுதாரு?"

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். பலகைக்கடியில் மழையில் மல்லாந்து கிடக்கிறவன் ஸ்பேனரைப் போட்டுவிட்டு எழுந்து வருவான். இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் பேச ஆரம்பித்தவன். பாதியில் எழுப்பிவிட வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு இவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தாள். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. இரண்டு வருஷமாக அவர் வாயால் பேசியவள் அவள்தானே.

"அளவு தருவாவளாம்" என்றாள். குரல் எப்படியோ சரியாகவே வந்தது. "ஆனா நட்ட நீ இறுக்கப்படாதாம். ஒனக்குக் கை பத்தாதாம்."

கீழே ஒரு சிரிப்பு வெடித்தது. "அதான பாத்தேன்! அந்தக் குத்தல் இல்லாம ஒரு வார்த்த வராதே! கேட்டியா பிச்சையா? எனக்குக் கை பத்தாதாம்!"

பிச்சையா சிரித்துக்கொண்டே பின்வாசலில் தலையை நீட்டினான். "அம்மா, சீட்டுக்கடியில சின்ன ஸ்பேனரு கெடக்கும், அதக் கொஞ்சம்..."

சரோஜம் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். பிறகு போர்வைக்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்தான்.

அவள் தலையை மட்டும் மிக லேசாக, சொல்ல வேண்டாம் என்று அசைத்தாள்.

பிச்சையா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டான். சீட்டுக்கடியில் கையை விட்டு ஸ்பேனரை எடுத்தான். சத்தமில்லாமல் இறங்கிப் போனான்.

கீழே நேசமணி இன்னும் பேசிக்கொண்டிருந்தான். சின்ன வயசில் இருவரும் சைக்கிள் வளையம் உருட்டிக்கொண்டு கல்லாற்றுக்குள் விழுந்ததைச் சொன்னான். அப்பா அடித்த அடியைச் சொன்னான். தன் மனைவி ரத்னாபாய், இரண்டு வருஷமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முறுக்கைச் சரோஜத்தின் கையில் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று அண்ணன் சாப்பிடுகிறாரா என்று பார்ப்பாள் என்பதையும் சொன்னான். சரோஜம் நடுநடுவே "ம்" என்றாள். "ஆமா, ஞாபகம் இருக்குன்னு சொல்லுதாவ" என்றாள். ஒரு கையால் கணவனின் கண் இமைகளை மூடினாள். தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பிச்சையா, எதுக்கு வாயடச்சு நிக்கே? ஒனக்கு ஒரு நக்கலும் வரல்லியா இண்ணைக்கு?"

"ஒண்ணுமில்ல சின்ன மொதலாளி. மழை."

அதன் பிறகு கீழே பேச்சு இல்லை. நட்டு இறுகுகிற சத்தம் மட்டும் வந்தது. ஒவ்வொரு நட்டும் நீண்ட நேரம் இறுகியது. ஜாக்கி இறங்கியது. வண்டி அண்ணன் பாகத்துச் சக்கரத்தின் மேல் மெதுவாக உட்கார்ந்தது.

நேசமணி பின்வாசலுக்கு வந்தான். முழங்கைவரை சேறு. உள்ளே ஏறவில்லை. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, துணியால் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"போலாமா மைனி?"

"போலாம் தம்பி."

"அண்ணன்..." என்று ஆரம்பித்தான். மேலே சொல்லவில்லை. போர்வை கழுத்துவரை இழுத்துவிடப்பட்டிருந்தது. தலைமயிர் சீவி ஒதுக்கப்பட்டிருந்தது. அவன் அந்த முகத்தைப் பார்த்தான். காலையிலிருந்து பார்க்காத முகத்தை, இரண்டு வருஷமாகப் பார்க்காத முகத்தை நின்று பார்த்தான்.

"பைய போவச் சொல்லுதாவ" என்றாள் சரோஜம்.

நேசமணி படியிலிருந்து காலை எடுத்தான்.

"செரி" என்றான். "பைய போறேன்னு சொல்லுங்க."

சுற்றிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் ஏறினான். எஞ்சின் பிடித்தது. உள்ளே நெற்றிக்கு நேராக இருந்த கண்ணாடியில், பின்னால் கிடக்கிற படுக்கை முழுதும் தெரியும். அவன் கையை உயர்த்தி, அந்தக் கண்ணாடியை மேலே கூரைப் பக்கம் திருப்பிவிட்டான்.

வண்டி ஏற்றத்தில் நகர்ந்தது. அத்தனை மெதுவாக அந்த பஸ் அதற்கு முன் போனதில்லை. ஒவ்வொரு குழிக்கும் முன்னால் கிட்டத்தட்ட நின்று, ஒரு சக்கரத்தை இறக்கி, அது ஏறியபின் அடுத்ததை இறக்கிப் போனது. தொளிக்கோட்டில் மூட்டையோடு ஓர் ஆள் கை காட்டினான். பிச்சையா பின்படியில் நின்றபடியே, வேண்டாம் என்று துண்டை அசைத்தான். படுக்கையில் ஓர் அசைவும் இல்லை. சரோஜம் பிடித்திருந்த கை இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

மழை விட்டிருந்தது. வித்துராவுக்கு முந்தின வளைவில் மேய்ச்சலிலிருந்து திரும்புகிற மாடுகள் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தன. கோழி குறுக்கே வந்தாலும் ஹாரனை அமுக்கி ஊரைக் கூட்டுகிறவன் நேசமணி. கை ஹாரனின் ரப்பர் பந்துவரை போனது. தொட்டது. அமுக்காமல் திரும்பி வந்தது.

மாடுகள் வண்டியின் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போயின. பின்தங்கிய ஒரு கன்று மட்டும் நடுரோட்டில் நின்று, சூடான ரேடியேட்டரை நோக்கி ஈர மூக்கை நீட்டி முகர்ந்துகொண்டிருந்தது. அது தாயைத் தேடிக் கிளம்பும்வரை வண்டி நின்றது.